இன்னைக்கு எத்தனை உருண்டை?

போன ஞாயிறு எங்கள் வீட்டில் என் மனைவிக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். வந்தவர்களில் பாதிப் பேர் அவளுக்கு வளையல் போட்டு, சந்தனம் தடவிவிட்டு, அந்த ஈரக் கையோடேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே விஷயம்தான். "தம்பி, அந்தப் பூனைகளை எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுருங்க. வயித்துப் புள்ளைக்கு ஆகாது." பெரியம்மா, மீன் மார்க்கெட் பக்கம் விட்டால் அதுகள் எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று வழியும் சொன்னார்.

யார் மேலும் கோபம் இல்லை. அக்கறையில் சொன்ன பேச்சு. ஆனால் பந்தி நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஒவ்வொருவரிடமும் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எங்களிடம் இரண்டு பூனை. கதம்பம், அதிரசம். கதம்பம் வெள்ளை, கறுப்பு, காவி மூன்றும் கலந்தவள். இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த வருடம், ஐப்பசி மழையில், கீழே மீட்டர் பெட்டிக்கு அடியில் உள்ளங்கை அளவில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். மதுரைக்காரர்களுக்கு அந்தப் பெயர் ஏன் என்று விளக்கத் தேவையில்லை, பூக்கடையில் தொங்குகிற கதம்பச் சரம் அப்படியே நான்கு காலில் நடப்பது போல இருப்பாள். மூன்று நிறம் இருந்தால் அநேகமாகப் பெட்டைதான் என்று டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காவியா கறுப்பா என்று தீர்மானிக்கிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம். இரண்டு நிறமும் ஒரே உடம்பில் வர வேண்டுமானால் இரண்டு எக்ஸ் வேண்டும், அது அநேகமாகப் பெட்டைக்குத்தான் இருக்கும். அதிரசம் அடுத்த வருடம் தீபாவளி கழிந்த வாரத்தில் வந்தான். நிறமும் அதுதான், வந்த நேரமும் அதுதான். இரண்டு பேருக்கும் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

வெளியே போகாத பூனைக்கு வீட்டுக்குள் கழிப்பிடம் வேண்டும் அல்லவா. கடையில் அதற்கு லிட்டர் பாக்ஸ் என்று பெயர். எங்கள் வீட்டில் மண்டப்பா. ஆரம்பத்தில் ஆற்று மணலைச் சலித்துப் போட்டோம், நாற்றம் தாங்கவில்லை. இப்போது பென்டோனைட் களிமண். குஜராத்தில் கட்ச் பக்கம் வெட்டி எடுக்கிற மண். ஈரம் பட்டதும் உப்பி, பட்ட இடம் மட்டும் உருண்டையாகக் கெட்டிப்பட்டுவிடும். பழைய ஜல்லிக்கரண்டியால் அந்த உருண்டைகளை மட்டும் அள்ளிப் போட்டால் போதும், மீதி மண் சுத்தம்.

நான் சொல்ல வருவது முழுக்க இந்த மண்டப்பாவைப் பற்றித்தான்.

பூனைகள் வந்த முதல் நாலு வருடம் நான் அதைத் தொட்டதே இல்லை. பூனை மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் அதிரசத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வேன். போட்டோ எடுத்துப் போடுவது நான், நூல் கட்டி விளையாட்டுக் காட்டுவது நான், ராத்திரி என் காலடியில்தான் படுக்கை. கரண்டி மட்டும் அவள் கையில். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து ஒரு தடவை. இப்படிச் செய்வோம் என்று யாரும் பேசி வைக்கவில்லை. பேசாமலே அவள் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்ட வேலைகளில் அதுவும் ஒன்று.

இரண்டு வருடத்துக்கு முன் தை மாதம், அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். அவள் வியாழக்கிழமை செங்கோட்டை ரயிலில் தென்காசிக்குப் போனாள். நாலு நாள். போகும்போது மண்டப்பாவை மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தலையாட்டினேன். வந்து அவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போன். அத்தையின் கண்ணைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, இன்னைக்கு எத்தனை உருண்டை?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். ஒரு கையில் போனும் ஒரு கையில் கரண்டியுமாகக் கிளறினேன். நாலு இருந்தது.

"எல்லாம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ஓரத்துல."

"நடுவுல ஒன்னுகூட இல்லையா?"

"இல்ல."

"ஓரத்துல இருக்கிறதெல்லாம் கதம்பம். அவ மூலையில தோண்டி, நல்லா மூடிட்டு வருவா. அவன் நடுவுல போயிட்டு மூடாம வந்துருவான். அப்ப அவன் நேத்துல இருந்து போகவே இல்லையா?"

அப்போதுதான் உறைத்தது. அன்று சாயங்காலம் முழுக்க அதிரசம் மண்டப்பாவுக்குள் ஏறி ஏறி உட்கார்ந்தான். குனிந்து முக்கினான், இறங்கினான், கால் மணி நேரத்தில் திரும்ப ஏறினான். மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டேன். தட்டில் போட்டது அப்படியே கிடந்தது. தேடிப் பார்த்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். பக்கத்தில் நுரையாக வாந்தி. வயிற்றைத் தொட்டதும் அவன் போட்ட சத்தம் அதுவரை நான் கேட்டிராத சத்தம். கீழ்வீட்டுக்காரர் வலிக்குப் பாராசிட்டமால் கால் துண்டு கொடுத்துப் பார்க்கச் சொன்னார். போனில் கேட்டுக்கொண்டிருந்தவள் கத்திவிட்டாள். பூனையின் ஈரலால் அந்த மருந்தைச் சரியாக முறிக்க முடியாது, கொஞ்சம் போனாலும் உயிருக்கு ஆபத்து. வீட்டில் பூனை வைத்திருக்கிற யாரும் இதை மறக்கக் கூடாது.

அழுக்குத் துணிக் கூடையில் அவனை வைத்து, மேலே துண்டைக் கட்டி, ஆட்டோவில் போனேன். எங்களுக்குப் பழக்கமான டாக்டர் பூட்டிய கிளினிக்கை எங்களுக்காகத் திறந்தார். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்த நொடியில் முகம் மாறியது. என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தோலுக்கடியில் சாத்துக்குடிப் பழம் இருப்பது போலக் கெட்டியாக இருந்தது. அது மூத்திரப்பை.

கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் நுனியில் மிகவும் ஒடுக்கம். மூத்திரத்தில் உப்புகள் மணல் போலப் படிந்து, சளியும் சேர்ந்து, அந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கழிவு ரத்தத்தில் ஏறும், பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுபோகும். இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடுகிற கதை. மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செருகி, உப்புநீர் பீய்ச்சி அடைப்பை எடுத்தார். முதலில் வந்தது ரத்த நிறம். பிறகு மூன்று நாள் குழாய், சொட்டு மருந்து, கழுத்தில் கூம்பு. சனிக்கிழமை காலை அவள் கிளம்பி வந்து சேர்ந்தபோது அவன் அரை மயக்கத்தில் இருந்தான். அவள் குரல் கேட்டதும் காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினான்.

அவன் பிழைத்தான். பிழைக்க வைத்தது அந்த ஒரு கேள்வி. அதைக் கேட்டவள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாள். பக்கத்தில் இருந்த நான், தோளில் போட்டுக் கொஞ்சுகிற நான், அவனுக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் ஒன்றரை நாள் இருந்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் ஞாபகம் வந்தது. நான் ஒன்பதாவது படிக்கும்போது, அப்பா கக்கூஸ் போய்விட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அம்மா பார்த்தார். இரண்டு நாள் கவனித்துவிட்டு, வரமாட்டேன் என்றவரை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனார். சர்க்கரை. அப்பாவுக்கே தெரியாத அவருடைய உடம்பு அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, தினம் அந்தத் தரையைக் கழுவியவர் அவர் என்பதால். அதை அம்மாவின் கெட்டிக்காரத்தனம் என்று வீட்டில் இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தத் தரையை ஒருநாள்கூட நாங்கள் யாரும் கழுவவில்லை என்பதையும் அந்தப் பெருமைப் பேச்சில் சேர்த்துச் சொன்னதில்லை.

பாசம் வைப்பது எல்லாராலும் ஆகும். ஒரு உயிரைத் தெரிந்துகொள்வது, அதன் அழுக்கை அள்ளுகிறவர்களுக்குத்தான் வாய்க்கிறது. நம் வீடுகளில் அந்த வேலையைப் பெண்கள் தலையில் வைத்துவிட்டு, தெரிந்துகொள்கிற பொறுப்பையும் அவர்களிடமே விட்டுவிட்டு, ஆண்கள் நாம் பாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இதை நான் உறுதியாக நம்புகிறேன். என் வீட்டில் நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து கரண்டி என் கையில். இரண்டு வருடத்தில் எவ்வளவு தெரிந்துகொண்டேன்! கதம்பம் தோண்டுவதற்குமுன் மூன்று முறை முகர்ந்து பார்ப்பாள். மண் இரண்டு விரல் ஆழத்துக்குக் குறைந்தால் உள்ளே இறங்க மாட்டாள், வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள். அதிரசத்தின் உருண்டை எலுமிச்சை அளவு இருந்தால் நல்லது, சுண்டைக்காயாகச் சிறுத்து எண்ணிக்கை கூடினால் அன்றைக்கே டாக்டருக்குப் போன். பூனையின் முன்னோர் பாலைவனத்துப் பிராணி. தாகம் சட்டென்று எடுக்காது, மூத்திரத்தைக் கெட்டியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கிற சிறுநீரகம். உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். அதை மட்டும் போட்டு வளர்த்ததில் அவன் உடம்புக்குத் தண்ணீர் பற்றவில்லை. இப்போது உப்புப் போடாமல் வேகவைத்த மீனை அந்தத் தண்ணீரோடு பிசைந்து வைக்கிறேன். வீட்டில் மூன்று இடத்தில் மண்சட்டியில் தண்ணீர். எந்தச் சட்டியில் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

எங்கள் பேச்சும் மாறியது. முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அவள் பூனையைப் பற்றிச் சொல்வதை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது இருவரும் சொல்கிறோம். "இன்னைக்கு அவன் ஓரத்துல போயிருக்கான் தெரியுமா" என்று நான் சொன்னால் அவள் பரிமாறுகிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் இதற்கு ஈடான நெருக்கம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

இனி வளைகாப்பில் சொன்ன பேச்சுக்கு வருகிறேன். ஆகாது என்பதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு ஒட்டுண்ணி. கர்ப்பத்தில் முதல்முறையாகத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கலாம். அது பூனையின் மலத்தில் வரும், முடியில் இல்லை, மூச்சில் இல்லை. அதுவும் பெரும்பாலும் பூனைக்கு முதல்முறை தொற்றும்போது சில வாரம் மட்டும். எலி, பச்சைக் கறி தின்று திரிகிற பூனைக்குத்தான் அது தொற்ற வாய்ப்பு அதிகம். வீட்டுக்குள்ளேயே இருந்து வெந்ததைத் தின்கிற பூனைக்குக் குறைவு. இன்னொன்று, வெளியே வந்த உடனே அது தொற்றாது. தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். தினம் அள்ளிவிட்டால் அதற்கு அவகாசமே இல்லை. சரியாக வேகாத கறியும், கழுவாத கீரையும் காய்கறியும் இதே ஒட்டுண்ணியைக் கொண்டுவரும். அதற்காக யாரும் அடுப்படியை மூடச் சொல்வதில்லை.

மகப்பேறு டாக்டரிடம் முதல் மாதமே கேட்டோம். பூனையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. "மண்ண நீங்க தொடாதீங்க. உங்க வீட்டுக்காரர் தினம் அள்ளட்டும், கையைச் சோப்பு போட்டுக் கழுவட்டும்" என்றார்.

பெரியம்மா, மருத்துவம் கேட்பது இவ்வளவுதான். கரண்டி கை மாற வேண்டும். நம் வீடுகளில் அதைவிடப் பூனையைச் சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விடுவது எளிதாகத் தோன்றுகிறதே, எனக்கு அதுதான் வலிக்கிறது. ஆறு வருடம் கூரைக்குக் கீழே தூங்கியவள் கதம்பம். தெருநாயைப் பார்த்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அங்கே அவள் பிழைக்க மாட்டாள். குழந்தை பிறக்கப்போகிறது என்பதற்காக ஒரு உயிரை அப்படி விட்டுவிட்டு வருகிற கையால் நான் என் குழந்தையைத் தூக்க மாட்டேன். பிறந்த பிறகு குழந்தையின் துணியைத் துவைப்பதும் துடைப்பதும் நானும் செய்வேன். அவன் அல்லது அவள் உடம்பு எனக்கும் தெரிய வேண்டும்.

வளைகாப்பு முடிந்து புதன்கிழமை அவளைத் தென்காசியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. கதம்பம் அவள் தலையணையை விட்டு இறங்குவதில்லை, அதனால் உறையை இன்னும் மாற்றவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வருகிறது. குழந்தை எத்தனை முறை உதைத்தது என்று அவள் எண்ணிச் சொல்கிறாள். நேற்று பதினொன்று. பிறகு நான் சொன்னேன், ஓரத்தில் மூன்று, நடுவில் இரண்டு, நல்ல எலுமிச்சை அளவு.