ஒரே சாம்பார், நான்கு தட்டு

சமையல் செயலிகளின் விளம்பரங்களில் ‘உங்களுக்காகவே’ என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. வயது, எடை, சர்க்கரை அளவு எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்கான உணவுப் பட்டியலை நீட்டுகின்றன. சர்க்கரை நோயுள்ள என் கணவருக்கு மதியம் கினோவா என்ற தென் அமெரிக்கத் தானியம், இரவு அவகேடோ சாலட். சிறுநீரகக் கோளாறுள்ள மாமனாருக்கு வேறு பட்டியல். ரத்தசோகை உள்ள மகளுக்கு இன்னொன்று. இவ்வளவையும் சமைக்கப்போவது யார் என்ற கேள்வி மட்டும் எந்தப் படிவத்திலும் இல்லை.

ஆளுக்கு ஆள் உணவு மாறவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வு நிறுவனம் 800 பேரின் ரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து, ஒரே உணவு ஒருவருக்கு ஏற்றும் சர்க்கரையும் மற்றவருக்கு ஏற்றும் சர்க்கரையும் வேறு வேறு என்று 2015இல் காட்டியது. உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்பை இப்போது பல கடைகளில் விற்கிறார்கள். சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம். சிறுநீரகம் பழுதானவர் உடம்பில் பொட்டாசியம் தேங்கினால் இதயத்துடிப்பே தடுமாறும். உலக சுகாதார நிறுவனம் 2025இல் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோது, சிறுநீரக நோயாளிகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கியே வைத்தது. நான் பார்த்த ஒரு செயலியோ, வீட்டு உப்பையே மாற்றிவிடச் சொன்னது. ஒருவருக்கு மருந்தாவது பக்கத்துத் தட்டில் நஞ்சாகும் வீடு எங்களுடையது என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஒரே ஒருவரைப் பற்றித்தானே அது கேட்டது!

நம் வீடுகளில் அடுப்பில் ஏறுவது ஒரே குழம்புதான். ஆகவே தொழில்நுட்பத்திடம் நான் கேட்பதும் ஒன்றுதான்: குழம்பை எந்தக் கட்டத்தில் யாருக்காகப் பிரிக்கவேண்டும்?

அதற்கு நம் சமையலே முதலில் அளவுக்குள் வரவேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் உண்டு. துவரம்பருப்பு இருக்கும், முருங்கைக்காய் இருக்கும். என் வீட்டுச் சாம்பார் இருக்காது. ‘ஒரு கிண்ணம் சாம்பார்’ என்று செயலி காட்டும் எண் யார் வீட்டுக் கிண்ணமோ! எனவே ஒரு சின்ன மின்தராசு வாங்கி, பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாவற்றையும் நிறுத்து எழுதினேன். கல்லுப்பை ஒரு கை அள்ளிப் போட்டே பழகியவளுக்கு, தராசில் அதன் எடையைப் பார்த்ததும் பகீரென்றது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

அந்த அளவுகளையும் நான்கு பேரின் நிலைமையையும் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் தமிழிலேயே எழுதி, “தனித்தனிச் சமையல் வேண்டாம், எங்கே பிரிப்பது என்று மட்டும் சொல்” என்றேன். உருப்படியான பதில் வந்தது. மாமனாருக்கான காயை நிறைய தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். உப்புப் போடும் முன்பே அவர் பங்குச் சாம்பாரைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி, தாளிப்பில் பெருங்காயத்தையும் மிளகையும் சற்றுத் தூக்கலாகப் போடவேண்டும். கணவர் முதலில் பொரியலைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வரவேண்டும். சர்க்கரை மெதுவாக ஏறும். இரும்புச்சத்து உடம்பில் சேர, மகளின் கீரையில் எலுமிச்சை பிழியவேண்டும். சாப்பாட்டோடு தேநீர் கூடாது. இத்தனையும் ஒரே சமையலுக்குள் அடங்கிவிட்டது. மாமனாரின் பங்கை மட்டும் அவருடைய மருத்துவமனை உணவு ஆலோசகரிடம் காட்டி, பருப்பின் அளவைத் திருத்தி வாங்கிக்கொண்டோம். அந்தப் படி இல்லாமல் எந்தச் செயலியையும் நம்பமாட்டேன்.

சுற்றுச்சூழல் என்று வரும்போதுதான் இந்த அறிவாளிக்கு உள்ளூர் ஞானம் போதவில்லை. பீர்க்கங்காய்த் தோல் மீந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டால், உரத்தொட்டியில் போடச் சொல்கிறது. துவையல் என்று ஒன்று இருப்பதை நான்தான் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. உலகில் 2022இல் வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அறிக்கை. தோலைத் துவையலாக்கவும் மீந்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றவும் தெரிந்த வீட்டுக்கு, தொலைதூரத்திலிருந்து வரும் கினோவாவைப் பசுமை உணவு என்று விற்பவர்களை என்ன சொல்ல? உழவர் சந்தையில் அன்று எது மலிவு என்று பார்த்து அதை வைத்துச் சமையலைச் சொல்லும் செயலி இருந்தால் சந்தா கட்டக்கூடத் தயார்.

இன்னொன்று. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். நிறுப்பதும் செயலியில் தட்டுவதும் பெண் தலையிலேயே விழுந்தால், ஆரோக்கியத்தின் பெயரால் வேலை கூடியதுதான் மிச்சம். எங்கள் வீட்டில் தராசு இப்போது கணவர் பொறுப்பு.

வத்தக்குழம்புக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. புளியும் உப்பும் சேர்ந்து கொதித்துச் சுண்டினால்தான் அது வத்தக்குழம்பு. வற்றலிலேயே உப்பு ஊறியிருக்கிறது. எங்கே பிரிப்பது? உங்கள் வீட்டில் யாராவது கண்டுபிடித்திருந்தால் எழுதுங்கள். மாமனார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.