வேட்பாளர் அண்ணன் அடிச்சு விட்ட அந்த ஒரு வரி

நான் திருச்சி உறையூர்ல டிடிபி ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பதினாலு வருஷம் ஆச்சு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காலேஜ் பசங்க ப்ராஜெக்ட், இதுதான் வருஷம் முழுக்க ஓடுற வண்டி. உள்ளாட்சி தேர்தல் வந்தா மட்டும் ரெண்டு வாரத்துக்கு கடைய பூட்ட நேரம் இருக்காது. 2022 பிப்ரவரி 19 தேர்தலுக்கு என் கடையில மட்டும் ஏழு பேரோட நோட்டீஸ் டைப் பண்ணேன், பெரிய கட்சி சின்ன கட்சி சுயேச்சை எல்லாம் உண்டு. யாரு எந்த கட்சின்னு இங்க சொல்ல மாட்டேன், அடுத்த தேர்தலுக்கும் அவங்கதான் வருவாங்க, எனக்கும் கடை வாடகை கட்டணும்ல.

நோட்டீஸ் வாசகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். குடிதண்ணி, பாதாள சாக்கடை, தெருவிளக்கு, கொசுமருந்து, முதியோர் பென்ஷன். போட்டோவையும் சின்னத்தையும் மாத்தினா ஒருத்தரோடத தூக்கி இன்னொருத்தருக்கு குடுத்துடலாம், ஒரு தடவ அவசரத்துல நானே அப்படி அனுப்ப பாத்தேன், சின்னம் பெருசா இருந்ததால தப்பிச்சேன்.

அதுல ஒரு அண்ணன், எங்க வார்டுதான், ப்ரூஃப் பாக்க ராத்திரி பத்து மணிக்கு வந்தாரு. கீழ ஒரு வரிக்கு எடம் காலியா இருந்துச்சு. "நல்லதா ஏதாச்சும் போட்டு விடும்மா"ன்னாரு. நான் டைப் பண்ணேன், "திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர் அனைவரின் பாதுகாப்புக்கும் துணை நிற்பேன்"னு. அவரு கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டுட்டு ஸ்கிரீன் கிட்ட மூக்க வச்சு படிச்சாரு. திருநங்கையர்ங்கிற எடத்துல, "சூப்பர்ம்மா, கண்டிப்பா போடணும்". திருநம்பின்னா யாருன்னு கேட்டாரு. பொறந்தப்ப பொண்ணுன்னு எழுதி வச்சுட்டாங்க, ஆனா அவங்க ஆம்பளைங்கன்னு சொன்னேன். "அப்படியும் இருக்காங்களா"ன்னு கொஞ்ச நேரம் ஃபேன பாத்தாரு. மூணாவது வார்த்தை தன்பாலீர்ப்பாளர், அதாவது ஆண விரும்புற ஆம்பளைங்க, பொண்ண விரும்புற பொண்ணுங்க. அதுக்கு வந்ததும் பிரிண்ட் எடுக்க சொல்லி, டேபிள்ல கெடந்த செவப்பு பேனாவால அத அடிச்சாரு, கூடவே திருநம்பியையும் சேத்து அடிச்சாரு. "தங்கச்சி, இது வீடு வீடா போற நோட்டீஸ்மா, பொம்பளைங்க படிப்பாங்க."

நானும் பொம்பளதானேண்ணேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எண்ணூறு ரூபா பாக்கி இருந்ததால முழுங்கிட்டேன்.

இத ஏன் இவ்ளோ வருஷம் கழிச்சு எழுதுறேன்னா, கிராமப்புற உள்ளாட்சிக்கு பெரும்பாலான மாவட்டத்துல 2025 ஜனவரியோட பதவிக்காலம் முடிஞ்சு போச்சு, நகர்ப்புறத்துல 2022 மார்ச்ல பொறுப்பேத்தவங்களுக்கு 2027 ஆரம்பத்தோட முடியுது. சுவத்துக்கு இப்பவே ஆளு புக்கிங் நடக்குது. வேட்பாளருங்க எல்ஜிபிடி மக்கள பத்தி, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பின்னு எல்லாரையும் பத்தி, என்ன நெனைக்கிறாங்கன்னு யாராச்சும் கேட்டா, நம்ம ஊர்ல பதில் ரெடியா இருக்கும், "நாங்க திருநங்கைகள மதிக்கிறவங்க". கேள்வி என்ன, பதில் என்னன்னு பாருங்க.

அந்த பதில் பொய்யுன்னு சொல்ல மாட்டேன். இந்தியாவுலயே மொத திருநங்கையர் நல வாரியம் 2008ல தமிழ்நாட்டுலதான் வந்துச்சு. 2021ல டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லன்னு சொன்னப்ப, அடுத்த மாசமே திருநங்கைகளையும் சேத்தாங்க. எங்க ஊர் திருச்சி சிவா திமுக எம்.பி.யா கொண்டு வந்த திருநங்கையர் உரிமைக்கான தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24ல மாநிலங்களவையில பாஸ் ஆச்சு, பல வருஷம் கழிச்சு ஒரு தனிநபர் மசோதா ஒரு அவையில பாஸ் ஆனது அதான், மக்களவை தாண்டலங்கிறது வேற கதை. ஜெயிச்சும் வந்திருக்காங்க. 2020 ஜனவரியில திருச்செங்கோடு ஒன்றியத்துல ரியா கவுன்சிலரா ஜெயிச்சாங்க. 2022ல வேலூர் மாநகராட்சி 37ஆவது வார்டுல கங்கா நாயக் ஜெயிச்சாங்க, ரெண்டு பேரும் திமுக. அதே 2022ல சென்னையில அதிமுகவும் பாஜகவும் கூட திருநங்கைகள நிறுத்துனாங்க. கங்கா நாயக் ஜெயிச்சது எத்தன ஓட்டுல தெரியுமா, பதினஞ்சு. ஒரு வீட்டு கல்யாணத்துக்கு வேன் புடிச்சு எல்லாரும் வெளியூர் போயிருந்தா ரிசல்ட் மாறியிருக்கும்.

ஆனா அந்த தேர்தல்ல மொத்தம் 12,838 வார்டு. அதுல ஜெயிச்ச திருநங்கைன்னு நமக்கு தெரிஞ்சது கங்கா நாயக் ஒருத்தர்தான். மதிக்கிறோம் மதிக்கிறோம்னு சொல்றவங்க சீட்டு குடுக்குறப்ப எவ்ளோ மதிச்சாங்கன்னு அதுலயே தெரியும்.

இதுல கட்சிக்காரங்க போடுற கணக்கு ஒண்ணு இருக்கு. 2024 ஜனவரி வாக்காளர் பட்டியல்ல தமிழ்நாட்டுல 6 கோடியே 18 லட்சம் பேரு, மூன்றாம் பாலினம்னு இருந்தது 8,294 பேரு. 2011 சென்சஸ்ல அந்த கட்டத்துல இருந்தது 22,364, மீதி பேரு ஓட்டர் லிஸ்ட்ல வேற கட்டத்துல இருக்காங்களா இல்ல லிஸ்ட்லயே இல்லையான்னு எந்த வேட்பாளரும் தேடி போனதா நான் பாக்கல. சரி, எட்டாயிரமாச்சும் எண்ணிக்கை. ஒரு பையன் இன்னொரு பையன விரும்புறான், ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணோட வாழணும்னு நெனைக்கிறான்னா அதுக்கு எந்த படிவத்துலயும் கட்டம் கிடையாது. அவங்க நம்ம வீட்டு ரேஷன் கார்டுலதான் இருக்காங்க, மகன், மகள்னு. கட்டம் இல்லாதவங்களுக்கு நோட்டீஸ்ல வரி எதுக்குன்னு அண்ணன் நெனைச்சுட்டாரு போல.

டெல்லி லெவல்ல பாத்தா வார்த்தை இருக்கு. 2024 தேர்தல் அறிக்கையில காங்கிரஸ் எல்ஜிபிடி ஜோடிகளுக்கு சட்ட அங்கீகாரம் குடுக்க பரவலா கருத்து கேட்டுட்டு சட்டம் கொண்டு வருவோம்னு எழுதுச்சு, மார்க்சிஸ்ட் கட்சியும் இதே தெசையில எழுதியிருந்தாங்க. அதுக்கு ஆறு மாசம் முன்னாடிதான், 2023 அக்டோபர் 17ல, கல்யாணம் எங்க கையில இல்ல, சட்டம் போடுறது நாடாளுமன்றம்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. சரி, அந்த அறிக்கை டெல்லியில கெளம்பி சென்னைக்கு வந்து, மாவட்டத்துக்கு வந்து, வட்டச் செயலாளர் கைக்கு வந்து, என் கடைக்கு நோட்டீஸா வர்றப்ப அந்த வரி எங்க எறங்கி போச்சுன்னு தெரியல. எந்த கட்சி நோட்டீஸ்லயும் அப்படி ஒரு வரி அச்சாகி நான் பாத்தது கிடையாது. 2022ல வந்த அந்த ஏழு பேர்ல ஒரே ஒரு சுயேச்சை அக்கா, டெய்லர், நான் எழுதுன வரிய பாத்துட்டு "போட்டா என்ன இப்போ, போடு"ன்னாங்க. அவங்களுக்கு விழுந்தது 61 ஓட்டு, அதுல ஒண்ணு என்னோடது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கவுன்சிலருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், அவரு சாக்கடைய பாத்தா போதாதான்னு கமெண்ட்ல வரும்னு தெரியும். எனக்கும் 2023 வரைக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்துச்சு.

என் கடையில ஒரு பொண்ணு டைப் பண்ணிட்டு இருந்தா. வயசு 23. பேரு வேணாம். தமிழ் டைப்பிங்ல என்னைய விட ஸ்பீடு, ஒற்றுப்பிழை வரவே வராது, "அக்கா இங்க க் வரணும்"னு கஸ்டமர் முன்னாடியே என் மானத்த வாங்குவா. அவளும் அவ ஃப்ரெண்டும் ஒரு நாள் சென்னைக்கு போயிட்டாங்க, சேந்து வாழ. போறதுக்கு முன்னாடி கல்லாவுல கடை சாவிய வச்சுட்டு, அந்த மாசம் அட்வான்ஸா வாங்குன ரெண்டாயிரத்துல அறுநூற கவர்ல போட்டு வச்சுட்டு போயிருந்தா, லீவு நாள கழிச்சாளாம்.

அவங்க அப்பா மொதல்ல போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு இல்லங்க. கவுன்சிலர் வீட்டுக்கு. நம்ம ஊர்ல குடும்ப விஷயம்னா அப்படித்தான, தண்ணி வரலன்னாலும் அவரு, பொண்ணு வரலன்னாலும் அவரு. ராத்திரி ஒம்பது மணிக்கு எனக்கு போன், நம்ம செவப்பு பேனா அண்ணன்தான், இப்ப கவுன்சிலர். "தங்கச்சி, உனக்கு தெரியாம இருக்காது, எங்க இருக்காங்கன்னு சொல்லிரு, நாலு பேர அனுப்பி கூட்டிட்டு வந்துரலாம், யாருக்கும் தெரியாம முடிச்சுரலாம்." அந்த முடிச்சுரலாம்ங்கிற வார்த்தைய கேட்டதும் எனக்கு கை நடுங்கிருச்சு. அவரு கெட்ட எண்ணத்துல சொல்லலைங்க, அதான் இன்னும் பயமா இருந்துச்சு.

நான் சொன்னேன், அண்ணே ரெண்டு பேரும் மேஜரு, 2021 ஜூன் 7லயே சென்னை ஹைகோர்ட்டு ஆர்டர் இருக்கு, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்டது, மதுரையில இருந்து ஓடி வந்த ரெண்டு பொண்ணுங்க கேஸ்தான், காணோம்னு புகார் வந்தாலும் ஆளு மேஜரு, சொந்த விருப்பத்துல போனாங்கன்னா வாக்குமூலம் வாங்கிட்டு மூடணும், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. (அந்த நீதிபதி எனக்கு இத பத்தி முழுசா தெரியாதுன்னு ஒத்துக்கிட்டு, தானே ஒரு மனநல ஆலோசகர்கிட்ட போய் உக்காந்து கேட்டு தெரிஞ்சுக்கிட்டு தீர்ப்பு எழுதினாரு. நம்ம வேட்பாளருங்க யாராச்சும் எனக்கு தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களா?) அவரு பொறுமையா கேட்டுட்டு சொன்னாரு, "கோர்ட்டு சொல்றது இருக்கட்டும்மா. நாளைக்கு காலையில அவங்கப்பன் என் வாசல்ல வந்து நின்னா நான் என்ன சொல்றது?"

மூணு நாள் கழிச்சு அப்பா ஸ்டேஷன்ல புகார் குடுத்தாரு. அங்க நடந்தத பாத்து நான் அசந்துட்டேன். ரெண்டு பேர்கிட்டயும் பேசுனாங்க, எழுதி வாங்குனாங்க, மேஜரு சார் எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அப்பாகிட்ட சொல்லி அனுப்பிட்டாங்க. எல்லா ஸ்டேஷனும் இப்படின்னு சொல்லல, 2025 மே மாசம் ஹைகோர்ட்டுல வந்த கேஸ்ல, ஒரு 25 வயசு பொண்ண வீட்டுல அடைச்சு வச்சப்ப போலீஸ் உதவி பண்ணாததுக்கு கோர்ட்டு கண்டிச்சுது, கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழின்னு இல்ல, தேர்ந்தெடுத்துக்குற குடும்பமும் குடும்பம்தான்னும் சொன்னாங்க. ஆனா போலீஸுக்கு ஒரு விதி இருக்கு. எல்ஜிபிடி ஆளுங்களையும் அவங்களுக்கு உதவுறவங்களையும் தொல்ல பண்ணக்கூடாதுன்னு நடத்தை விதியில 2022ல சேத்தாங்க, அந்த உள்ளாட்சி தேர்தல் நடந்த சமயத்துலதான். மீறினா கேள்வி கேக்கலாம். கவுன்சிலருக்கு அப்படி எதுவும் கெடையாது. அவருக்கு இருக்குறது வாசல்ல நிக்கிற அப்பா மட்டும்தான்.

அந்த அண்ணன வில்லனாக்க எனக்கு மனசு வரல. எங்க பஸ் ஸ்டாப் பக்கம் கட்டண கழிப்பிடத்துல திருநங்கைகள உள்ள விடாம ரெண்டு பக்கமும் தொரத்துனாங்கன்னு 2022 நவம்பர் 1, வார்டு மக்கள் கூடி குறைய சொல்ற ஏரியா சபை கூட்டத்துல ஒரு திருநங்கை எழுந்து நின்னு சொன்னப்ப, மறுநாளே அங்க போய் குத்தகைக்காரர சத்தம் போட்டு, பொம்பளைங்க பக்கத்த தொறந்து விட வச்சது அவருதான். போட்டோ கூட எடுக்கல. ஒரு திருநங்கை கண்ணு முன்னாடி நின்னு கேட்டா அவருக்கு புரியுது. ஆனா அந்த 23 வயசு பொண்ணு அவரு முன்னாடி நின்னதே இல்ல, நிக்கவும் முடியாது, அவ அவருக்கு "அவங்கப்பனோட பொண்ணு" மட்டும்தான்.

2025ல மாற்றுத்திறனாளிகள உள்ளாட்சியில நியமன உறுப்பினரா போட சட்டம் கொண்டு வந்தாங்க, நல்ல விஷயம். திருநங்கை, திருநம்பிகளுக்கும் அப்படி வேணும்னு நானும் சொல்லுவேன். ஆனா தன்பாலீர்ப்பாளர நியமனம் பண்ணணும்னா அவங்க மொதல்ல ஊருக்கு நடுவுல நின்னு கைய தூக்கணும். அத அவங்க மேல சுமத்தக்கூடாது. அந்த வேலை நம்ம ஓட்டு வாங்குற ஆளுங்களோடது.

அதனால இந்த தடவ நான் "நீங்க ஆதரவா"ன்னு கேக்கப் போறதில்ல. ஆதரவுன்னு சொல்றது ரொம்ப ஈஸி, ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்துக்கு வாழ்த்து ஸ்டேட்டஸ் போட்டா முடிஞ்சுது. ஒரே கேள்வி டைப் பண்ணி லேமினேட் போட்டு கல்லா மேல ஒட்டியிருக்கேன். "ஒரு அப்பா உங்க வீட்டு வாசல்ல வந்து, என் பொண்ணு இன்னொரு பொண்ணோட போயிட்டா, புடிச்சு குடுங்கன்னு கேட்டா, அவருக்கு நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?" நோட்டீஸ் அடிக்க வர்றவங்க அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அதுக்கு பதில் சொல்லணும். பதில் புடிக்கலன்னாலும் நோட்டீஸ் அடிச்சு குடுப்பேன், தொழில் வேற. ஆனா பதில நோட்ல எழுதி வச்சுக்குவேன், கேக்குறவங்களுக்கு காட்டுவேன்.

போன வாரம் மொத ஆளா ஒருத்தரு வந்தாரு, புதுசு, முப்பது வயசு இருக்கும். விசிட்டிங் கார்டு ரேட் கேட்டுட்டு லேமினேஷன படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு. "அக்கா, யோசிச்சு சொல்லட்டுமா"ன்னாரு. சொல்லுங்க தம்பி, அவசரமில்லன்னேன். டீ வாங்கி குடுத்தேன். இன்னும் வரல. எங்க வீட்டுக்காரரு கல்லாவ பாத்து பெருமூச்சு விட்டுட்டு இருக்காரு.