மூடுபனி ஃபைபரை ஒண்ணும் பண்ணாது

"கோத்தகிரியில மூடுபனி இறங்கினா ஃபைபர் நெட்டும் படுத்துடும், மலைக்கு அது வேஸ்ட்"னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கார். இல்லைங்கண்ணா. ஃபைபரில் ஒளி கண்ணாடி இழைக்குள்ளேயே ஓடுது. வெளியே இருக்கிற பனியும் மழையும் அதைத் தொடாது. பலத்த மழையில் தடுமாறுறது டிஷ் வழியா வர்ற சாட்டிலைட் சிக்னல்தான்.

ஆனா மழைக்காலத்தில் நம்ம பக்கம் ஃபைபர் அறுந்துபோறது நிஜம். சில்வர் ஓக் கிளை முறிஞ்சு கேபிள் மேல விழும். அப்போ மோடத்தில், லைனில் சிக்னல் வரலைன்னு காட்டுற எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பா மின்னும். அது மின்னுறப்போ கம்ப்யூட்டரை எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணினாலும் பிரயோஜனமில்லை, லைனைப் பார்க்க ஆள்தான் வரணும்.

சிவப்பு இல்லையா, ஆனாலும் நெட் வரலையா? ரவுட்டர்ல இருந்து வர்ற லேன் கேபிளை நேரா கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்க. அதில் நெட் வந்தா கோளாறு வைஃபையில். எங்க பழைய கல்வீட்டில் ரெண்டு சுவர் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை காணாமப் போயிடும், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினேன், இப்போ அடுப்படி வரைக்கும் வருது. கேபிளிலும் வரலைன்னா கம்ப்யூட்டரோட ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டுற எண்) நெட்வொர்க் செட்டிங்ஸில் பாருங்க. 169.254-னு தொடங்கினா, ரவுட்டர்கிட்டயிருந்து கம்ப்யூட்டருக்கு முகவரியே கிடைக்கலைன்னு அர்த்தம். ரவுட்டரை அணைச்சு ஒரு நிமிஷம் கழிச்சுப் போடுங்க.