ஒரு ஊசி, ஒரு 'நறுக்'

போன வாரம் அக்கா வீட்டில் இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு எந்த கோர்ஸில் சேருவது என்று குழம்பிக் கிடக்கும் அவள் மகன், இட்லியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: "மாமா, சயின்ஸ்ல இனிமே கண்டுபிடிக்க என்ன பாக்கி? புரோட்டீன் எல்லாத்தையும் ஏஐ முடிச்சிடுச்சாமே. இனி லேப் எதுக்கு?"

தெரிந்து கேட்டானோ தெரியாமல் கேட்டானோ, சரியாகப் புண் இருந்த இடத்தில் விரலை வைத்துவிட்டான். புரதப் படிகவியலில் நாலு வருஷம் கழித்தவன் நான். ஒரே ஒரு புரதம். நாலு வருஷம்.

தெரியாதவர்களுக்காக: ஒரு புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்று பார்க்க, முதலில் அதைப் படிகமாக வளர்க்க வேண்டும். அப்புறம்தான் எக்ஸ்ரே. 24 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் கிரீஸ் தடவி, அதன்மேல் மெல்லிய கண்ணாடிச் சில்லு. சில்லின் அடியில் தலைகீழாகத் தொங்கும் ஒரு சொட்டு, கொசுக்கண் அளவுக்கு. குழிக்குக் குழி உப்பைக் கூட்டிக் குறைத்து, பிஹெச்சை மாற்றி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தினமும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். 'தெளிவு.' 'தெளிவு.' 'பால் மாதிரி கலங்கல்.' 'தெளிவு.'

எட்டாவது மாசம் ஒரு சொட்டில் பளிச்சென்று ஒரு வடிவம், பட்டை தீட்டின மாதிரி. ஓடிப்போய் கைடைக் கூட்டிவந்தேன். அவர் குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மெல்லிய ஊசி ஒன்றை எடுத்து அதன்மேல் அழுத்தினார். 'நறுக்.'

புரதப் படிகம் என்றால் சத்தமே வராது, வெண்ணெய் மாதிரி நசுங்கிவிடும். "உப்புப்பா. கொட்டிடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

2022 ஜூலையில், புரத வடிவத்தைக் கணிக்கும் ஏஐ நிரலான ஆல்ஃபாஃபோல்ட்டின் தரவுத்தளத்தில் 20 கோடிக்கு மேற்பட்ட புரத வடிவங்களை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அன்று ராத்திரி என் புரதத்தின் எண்ணைத் தட்டினேன். நாலைந்து நொடி. திரையில் சுழன்றது. பெரும்பகுதி அடர்நீலம், வாலாகத் தொங்கும் ஒரு நுனி மட்டும் ஆரஞ்சு. ஆரஞ்சு என்றால் 'இந்த இடத்தில் என் கணிப்பை நம்பாதே' என்று அதுவே ஒத்துக்கொள்கிறது என்று பொருள். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். அந்த ஆரஞ்சைப் பார்த்ததும் கொஞ்சம் மரியாதையும் வந்தது.

இதைச் செய்தவர்களுக்கு 2024இல் வேதியியல் நோபல் கிடைத்தது, தகுதியான பரிசுதான். ஆனால் 'ஏஐ முடிச்சிடுச்சு' என்கிற பேச்சில் ஒரு பெரிய சமாச்சாரம் விட்டுப்போகிறது. அந்த நிரல் படித்தது எதை? 1971இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கிய புரோட்டீன் டேட்டா பேங்கை. ஊர் உலகத்தில் யாரெல்லாம் வருஷக்கணக்கில் சொட்டு வைத்துப் படிகம் வளர்த்தார்களோ, அவர்களெல்லாம் அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். சுமார் 1,70,000 சேர்ந்த பிறகுதான் ஒரு கணினிக்குப் பாடம் நடத்த முடிந்தது. அங்கே வந்து சேரும் வடிவம் சரியா என்று பார்க்க இன்றும் பயன்படுவது, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு போட்டது.

இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1994இலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்தத் துறையில் ஒரு பரீட்சை நடக்கிறது. காஸ்ப் என்று பெயர். விடை வெளியாகாத புரதங்களைக் கொடுத்து வடிவத்தைக் கணிக்கச் சொல்வார்கள். யாருக்கு எவ்வளவு மார்க் என்பது எல்லாருக்கும் தெரியும். கால் நூற்றாண்டாக எத்தனையோ பேர் அங்கே பகிரங்கமாகத் தோற்றார்கள். அந்தத் தோல்விகளும் பதிவில் இருந்தன. அப்புறம்தான் 2020இல் ஆல்ஃபாஃபோல்ட் அங்கே ஜெயித்தது.

எந்தத் துறை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய, அது தன் தோல்வியை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கம். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் 10 டன் திரவ செனானை வைத்துக்கொண்டு பிரபஞ்சத்தில் இருப்பதாகக் கருதப்படும், கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளின் (டார்க் மேட்டர்) துகள் வந்து மோதுமா என்று உட்கார்ந்திருக்கிறார்கள். 2024இல் 280 நாள் தரவை வெளியிட்டார்கள். கிடைத்தது ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'யைத்தான் எவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறார்கள்! இந்த எடையில், இந்த வலுவில் அந்தத் துகள் இல்லை என்று வரைபடத்தில் கோடு கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். அடுத்து வருகிறவன் அந்த இடத்தைத் திரும்பத் தோண்ட வேண்டியதில்லை.

2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்கே-99 வந்தது ஞாபகம் இருக்கா? சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் கடத்தும் பொருள் என்றார்கள். வாட்ஸ்அப்பில் பொங்கித் தீர்த்தோம். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட பல இடங்களில் அதே பொருளைச் செய்து பார்த்து, 'எங்களுக்கு வரவில்லை' என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். சில வாரங்களில் கதை முடிந்தது. நிறையப் பேருக்கு அது கேலிக்கூத்து. எனக்கு அது ஒழுங்காக ஓடும் துறையின் அடையாளம்.

உளவியலில் நடந்தது நேர்மாறு. வந்தது மட்டும்தான் அச்சேறும், வராதது மேஜை டிராயருக்குள் போகும். 2015இல் நூறு ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது, 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி தேறும் முடிவு மறுபடி வந்தது. மீதியை நம்பி எத்தனை பேர் பிஎச்டி தொடங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் பகீரென்கிறது. பாவம், அவர்கள் கையில் ஊசி இல்லை.

படிகம் வளர்க்கிற நாங்கள் மட்டும் யோக்கியமா? டேட்டா பேங்கில் வளர்ந்த படிகத்துக்குத்தான் இடம். வளராத சொட்டுக்கு இல்லை. எந்த உப்பில், எந்த பிஹெச்சில் என் புரதம் அசையவில்லை என்பதற்கு ஆயிரத்துக்கு மேல் குறிப்புகள் எழுதியிருந்தேன். ஆய்வேட்டில் அது மூன்று வரி.

இதையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டே போனதில் சட்னி காய்ந்துவிட்டது. பையன் கடைசியாக ஒன்றுதான் கேட்டான்.

"அந்த நோட்டெல்லாம் இப்ப எங்க மாமா?"

"லேப்புக்கு வெள்ளையடிச்சப்ப எடைக்குப் போட்டுட்டாங்கடா."