செலரி இலை குப்பை இல்லை

அந்தச் சமையல் வீடியோவை இதுவரை பதினொரு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். "தண்டை எடுங்க, இலையை வீசிடுங்க" என்று சிரித்துக்கொண்டே அந்தத் தங்கச்சி ஒரு கட்டு செலரியில் பாதிக்கு மேல் வெட்டி வாளியில் போட்டாரே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன். தலைப்பு என்னவென்றால் 'மலையக சூப்'.

தங்கச்சி, நீங்கள் வீசியதுதான் செலரி.

சுப்பர்மார்க்கெட்டில் உறை போட்டு வரும் தடித்த வெளிர்தண்டு வேறு. இலங்கை மலையகத்தில், நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் நாங்கள் போடுவது ஒல்லித் தண்டு, கரும்பச்சை இலை. வாசமெல்லாம் இலையில். கொத்தமல்லியும் இதே குடும்பம்தான். ரசத்துக்குக் காம்பை மட்டும் போட்டுவிட்டு இலையை யாராவது வீசுவார்களா?

"இலை கசக்குமே" என்று ஒருவர். கசக்கும், கொதிக்கக் கொதிக்க விட்டால். தண்டைப் பொடியாக வெட்டி வெங்காயத்தோடு முதலில் வதக்குங்கள். இலையை அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். பிரைட் ரைஸ் என்றால் லீக்ஸும் கரட்டும் வதங்கிய பிறகு, கடைசிப் பிரட்டலில். அவ்வளவுதான்.

"மருந்து அடிக்கிறார்கள், இலையில்தான் நிற்கும்" என்று இன்னொருவர். சரி, கழுவுங்கள். தண்டுக்குக் குடை பிடித்துக்கொண்டா மருந்து அடிக்கிறோம்?

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, அதுதான் எங்கள் லயம். அதற்குப் பின்னால் அப்பாவுக்கு இரண்டு பாத்தி. செலரி விதை தூசு மாதிரி இருக்கும், முளைக்கவே இரண்டு மூன்று வாரம். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் முன் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் போவார். நல்ல கட்டெல்லாம் லொறிக்கு. தைப் பனியில் கருகியதென்று வியாபாரி கழித்துப் போட்டது எங்களுக்கு. கருகிய நுனியைக் கிள்ளிவிட்டு, மிச்ச இலையைத் தேங்காய்ப்பூ, பச்சை மிளகாயோடு அம்மா சுண்டித் தருவார், ரொட்டிக்கு. பள்ளிக்கூடத்தில் ஒரு டவுன் பிள்ளை அதை முகர்ந்து பார்த்துவிட்டு "புல்லா?" என்று கேட்டது. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். அன்றைக்குப் பகல் பட்டினி.

"ஒரு கீரைக்கு இவ்வளவா, தோட்டத்து ஆட்கள் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறீர்கள்" என்று எழுத ஆள் வரும். வாருங்கள். எங்கள் பெயர் சூப்புக்கு வேண்டும், நாங்கள் சாப்பிட்டது மட்டும் வாளிக்கா?

நேற்று அம்மாவுக்கு அந்த வீடியோவைக் காட்டினேன். அம்மா சூப்பைப் பார்க்கவே இல்லை.

"அந்த வாளியில ரெண்டு நாளைக்குக் கறி கெடக்கேடா" என்றார்.