பட்டன் போன் அக்காவுக்கு யார் வைத்த பெயர்?

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் என் ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு அக்கா ஜாக்கெட் தைக்கிறார். லைனிங் துணி எடுக்க கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போவார். போன மாதம் அங்கே புதிதாக ஒரு மொத்தக் கடையில் கடனுக்குக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னார். மேஜை மேல் கிடந்த அவர் போனில் வந்த பெயரை அக்காவும் படித்துவிட்டார்: 'சீட்டு ஏமாத்து'. கடைக்காரர் முகம் மாறி, "ரொக்கம்னா எடுத்துக்கங்க" என்றாராம்.

அக்கா ஒரு காலத்தில் சின்னதாகச் சீட்டு நடத்தினார். 2020 ஊரடங்கில் எல்லையை அடைத்ததும் பொள்ளாச்சித் தையல் ஆர்டர் நின்றது, சீட்டுப் பணமும் தள்ளிப்போனது. அடுத்த வருடமே எல்லோருக்கும் கொடுத்து முடித்தார். அந்தக் கோபத்தில் யாரோ அவர் நம்பரை அப்படிச் சேமித்திருக்க வேண்டும். அப்புறம் அழைப்பவர் பெயர் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, 'தொடர்புகளை அனுமதிக்கவா?' என்றதற்குச் சரி என்று தட்டியிருக்க வேண்டும். ஒருவர் தட்டினால் அவர் போனிலுள்ள அத்தனை பேரும் உள்ளே போகிறார்கள். அக்காவிடம் இருப்பது பட்டன் போன். எந்தச் செயலியையும் அவர் தொட்டதே இல்லை.

ஓட்டலுக்கு ஸ்டார் போடுவதைப் போல மனிதர்களுக்கும் போடலாம் என்று கனடாவில் 2015இல் இரண்டு பெண்கள் 'பீப்பிள்' என்ற செயலியை அறிவித்தார்கள். உங்கள் போன் நம்பர் தெரிந்த யாரும் உங்களை அதில் சேர்க்கலாம், ஒன்று முதல் ஐந்து ஸ்டார் வரை கொடுக்கலாம், நீங்களாக வெளியேற முடியாது என்பதுதான் முதல் திட்டம். உலகமே கொதித்தது. ஆளின் சம்மதம் வேண்டும் என்று மாற்றி, 2016 மார்ச்சில் அடக்கமாக வெளியிட்டார்கள். ஓட்டல்காரர் கல்லாவைத் திறந்து வைத்து நம்மை வரச் சொல்கிறார், அவரைப் பற்றி எழுதலாம். அக்கா யாரை வரச் சொன்னார்?

பெண்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ள இப்படி ஒன்று வேண்டாமா என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. அடிக்கிறவனைப் பற்றி முன்கூட்டியே தெரிவது ஒரு உயிரைக் காப்பாற்றும். அமெரிக்காவில் 'டீ' என்ற செயலி அதற்காகத்தான் வந்தது. பெண்தானா என்று உறுதிசெய்ய செல்ஃபியும் அடையாள அட்டையும் வாங்கினார்கள். 2025 ஜூலையில் அங்கிருந்து சுமார் 72,000 படங்கள் கசிந்தன. அவற்றில் சுமார் 13,000 அந்த செல்ஃபிகளும் அட்டைகளும்தான். பின்னாலேயே அந்தரங்கமாகப் பேசிக்கொண்ட பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளும் வெளியே வந்தன. பயந்து வந்தவர்களின் முகத்தையே தெருவில் போட்டுவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

எங்கள் ஊரிலும் புறணிக்குக் குறைவில்லை. ஆனால் பேசியது யார் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அக்கா என்னிடம் கேட்டதும் அதைத்தான்: "என்ற பேரை யார் தம்பி அப்படிப் போட்டது? ஆளை மட்டும் சொல்லு, வாசல்ல போய் நின்னு கேட்டுட்டு வந்தர்றேன்."

எந்த வாசலைக் காட்டுவேன்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன, முக்கியப் பிரிவுகள் அமலாக அதிலிருந்து 18 மாதம். அதுவரை அக்கா ரொக்கத்துக்குத்தான் துணி எடுக்க வேண்டுமா?

நம்பரை நீக்கச் சொல்லி அந்தச் செயலியின் தளத்தில் நானே விண்ணப்பம் போட்டேன். ஒரு வாரத்தில் பெயர் மறைந்தது. பொள்ளாச்சிக் கடைக்காரர் மனதிலிருந்து மறையவில்லை.

அன்று ராத்திரி என் போனில் எந்தெந்தச் செயலிக்குத் தொடர்பு அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று பார்த்தேன். பதினொன்று. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பிறகு பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தேன். வண்ணாமடைக்காரர் ஒருவரை 'பாக்கி பார்ட்டி' என்று சேமித்து வைத்திருந்தேன். அவர் போன ஓணத்துக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். அவருடைய சொந்தப் பெயரைத் தட்டெழுதிச் சேமித்தேன்.