கம்மென்று இரு

கடந்த வாரம் ஒரு துப்பறியும் நாவலின் தமிழாக்கத்தை மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டக்காரர் தாம் இரவில் கண்டதைச் சமையற்காரியிடம் சொல்லிவிட்டு, வெளியே மூச்சு விட்டுவிடாதே என்று கெஞ்சுகிற இடம். அவர் விடைபெறும்போது சொல்வதாகத் தமிழில் இருந்த வாக்கியம்: "அம்மாதான் அந்த வார்த்தை." மூலத்தில் 'மம்ஸ் த வேர்ட்' என்றிருந்தது; யாரிடமும் சொல்லாதே என்பதற்கான ஆங்கில வழக்கு அது. சிரித்துவிட்டு, ஓரத்தில் 'மௌனம் காக்கவும்' என்று பென்சிலால் எழுதினேன். மறுநாள் காலையில் நானே அதை அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் செய்த பிழை வெளியே தெரிகிற பிழை, நான் செய்தது தெரியாத பிழை, அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த 'மம்' அம்மாவைக் குறிக்கும் சொல் அன்று. அது குழந்தையின் மழலையிலிருந்து வந்தது. இதுவோ வாயை மூடிக்கொண்டு எழுப்பும் ஒலியைப் போலச் செய்து பிறந்தது. 'இதழியைந்து பிறக்கும் பகார மகாரம்' என்று தொல்காப்பியம் சொல்லும் அதே மகரம்தான். உதடு இரண்டும் கூடினால்தான் ம் பிறக்கும். கூடிய உதடுகளால் வேறு எதையும் சொல்ல முடியாது.

வியப்பு என்னவென்றால், தொடக்க காலத்தில் இச்சொல் பேசாமையை மட்டுமின்றி, பேச்சின் மிகச் சிறிய துணுக்கையும் குறித்தது. பதினான்காம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லாண்ட் தம் நெடுங்கவிதையின் முகப்பில் வழக்கறிஞர்களை ஒரு பிடி பிடிக்கிறார்: மால்வர்ன் குன்றுகளின் மூடுபனியைக்கூட அளந்துவிடலாம், காசைக் கண்ணில் காட்டாமல் இவர்கள் வாயிலிருந்து ஒரு 'மம்' வாங்க முடியாது என்கிறார். நாமும் கதை கேட்கும்போது 'ம்' கொட்டுகிறோம். கேட்டதற்கு 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை என்று குறைப்பட்டும் கொள்கிறோம். அந்த 'ம்'தான் லாங்லாண்டின் வழக்கறிஞர்கள் விலைக்கு வைத்திருந்தது.

ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் பணம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கிளாஸ்டர் சீமாட்டியிடமும் பொன் வாங்கி, அவளைக் கவிழ்க்க நினைப்பவர்களிடமும் பொன் வாங்கிய ஹியூம் என்ற பாதிரி, தனியே நின்று தனக்குத் தானே கட்டளையிட்டுக்கொள்கிறான்: உதடுகளுக்கு முத்திரை வை, 'மம்' தவிர வேறு சொல் வேண்டாம். இதை மௌனம் என்று எழுதினால் அந்தப் பாதிரி முனிவராகிவிடுவான். மௌனம் என்ற சொல் முனிவரோடு உடன்பிறந்தது. அதில் ஒரு தவமும் நிறைவும் உண்டு. 'மம்' என்பது சொல்வதற்கு ஒன்றை வைத்துக்கொண்டே வாயை அடைத்துக்கொள்வது. பேச ஏதுமில்லாதவனிடம் யாரும் 'மம்' கேட்பதில்லை.

முகமூடியிட்டு வாய் திறவாமல் ஆடிய ஊமைக் கூத்தர்களை ஆங்கிலேயர் 'மம்மர்' என்று அழைத்ததும் இந்த ஒலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1377ஆம் ஆண்டில், இரண்டாம் ரிச்சர்ட் இளவரசனாக இருந்தபோது, லண்டன் நகரத்தார் 130 பேர் மாறுவேடமிட்டுக் குதிரையில் கென்னிங்டன் அரண்மனைக்குச் சென்று, ஒரு சொல்லும் பேசாமல் பகடைக் காய்களை மேசையில் வைத்தார்கள். பந்தயப் பொருள்கள் பொற்கிண்ணம், பொற்கோப்பை, பொன்மோதிரம். பையன்தான் ஒவ்வொரு முறையும் வென்றான், ஏனென்றால் காய்கள் அப்படிச் செய்யப்பட்டிருந்தன. வருங்கால மன்னனுக்குக் காணிக்கை கொடுப்பதற்கு இதைவிட நாகரிகமான வழியை நான் அறியேன். ஒருவர் வாய் திறந்திருந்தாலும் அது கெட்டிருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு இச்சொல்லைச் சுவரொட்டிக்கு ஏற்றியது. 'அப்பாவைப் போல இரு, மம் காத்துக்கொள்' என்பது அதன் வாசகம். வாயை மூடிக்கொள் என்பது ஒரு பொருள், அம்மாவுக்குச் சோறு போடு என்பது இன்னொரு பொருள். இந்தச் சிலேடை பெண்களை இழிவுபடுத்துகிறது என்று எடித் சம்மர்ஸ்கில் நாடாளுமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் பக்கமே நியாயம் என்பது என் எண்ணம். ஆனால் நம் மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் சிறிது ஆறுதல் உண்டு: அரசாங்கமே வேண்டுமென்று குழப்பிய இரண்டு சொற்களை அவர் அறியாமல் குழப்பினார்.

கெட்ட செய்தியை உரியவரிடம் சொல்ல மனிதர்கள் தயங்குவதை ஆராய்ந்த ரோசன், டெஸ்ஸர் என்ற உளவியலாளர்கள் 1970இல் அத்தயக்கத்துக்கு 'மம் விளைவு' என்றே பெயரிட்டார்கள். மௌனம் என்ற சொல் இந்த இடத்தில் பொருந்துமா என்று யோசித்துப் பாருங்கள். பரிசோதனை முடிவு மோசம் என்று தெரிந்தும் வேறு எதையோ பேசிவிட்டு எழுந்துபோகிற உறவினர் மௌனம் காக்கவில்லை. கம்மென்று இருக்கிறார்.

ஆம், தமிழில் அதற்குரிய சொல் அதுதான். 'கம்' என்று வாயைத் திறந்து தொடங்கி, உதடுகளைச் சேர்த்து முடிக்கிறோம். மூடுகிற செயல் சொல்லுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பூ மணப்பதற்கும் 'கம்'மென்றுதான் சொல்கிறோம் என்பது வேறு கதை.

மெய்ப்பில் கடைசியாக "இது நமக்குள் இருக்கட்டும், கம்மென்று இரு" என்று திருத்தி அனுப்பினேன். ஆங்கிலேயத் தோட்டக்காரர் இப்படியா பேசுவார் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டிருக்கிறார். அவர் முப்பத்தொன்பது பக்கங்களாகத் தமிழில்தானே பேசிக்கொண்டிருக்கிறார் என்று பதில் எழுதியிருக்கிறேன்.